அத்தியாயம் 4: முதலில் தாயைக் காட்டுங்கள்

"அண்ணா, நீங்க எதுக்கு இவ்ளோ தூரம் அலையணும்? அத்திப்பள்ளி டோல்கேட்கிட்ட வந்து நில்லுங்க. நானே கொண்டாந்து குடுத்துடறேன்."

ஓசூரில் நாய்க்குட்டி தேடுகிறவர் காதுக்கு இதைவிட இனிமையான பேச்சு கிடையாது. பெட்ரோல் மிச்சம், எலக்ட்ரானிக் சிட்டி நெரிசல் மிச்சம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம். சில வருடங்களுக்கு முன் எனக்கும் அப்படித்தான் இனித்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்கூட்டரில் ஒரு பையன் வந்தான். காலடியில் அட்டைப்பெட்டி. அதற்குள் பழைய துண்டின் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஷிட்சு குட்டி. "நாப்பத்தஞ்சு நாள் ஆச்சு, ஊசி போட்டாச்சு, தாய் தகப்பன் ரெண்டும் சாம்பியன்" என்றான். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வீட்டில் பிள்ளைகள் அன்று இரவு தூங்கவில்லை.

மூன்றாம் நாள் குட்டி சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நான்காம் நாள் வாந்தி, பிறகு ரத்தம் கலந்த பேதி. வீடு முழுக்க ஒரு நாற்றம். கால்நடை மருத்துவர் அந்த நாற்றத்தை வைத்தே பார்வோ என்று சொல்லிவிட்டார். சலைன் ஏற்றிக்கொண்டே கேட்டார்: "எங்க பிறந்த குட்டி இது? கூடப் பிறந்த குட்டிங்க எப்படி இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. டோல்கேட்டில் பிறந்த குட்டி அது. போன் ஸ்விட்ச் ஆஃப். ஆறாம் நாள் காலையில் குட்டியும் இல்லை.

பார்வோ வைரஸ் உடம்பில் நுழைந்து நோயாக வெளிப்பட மூன்றிலிருந்து ஏழு நாள், சில சமயம் இன்னும் கூட ஆகும். என் கைக்கு வந்தபோதே குட்டி நோயை எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. நான் குட்டியைப் பார்த்தேன். பார்க்க வேண்டியது அதன் தாயை. இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவது அந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

இந்த எல்லைக்கு என்று ஒரு வியாபாரம்

ஓசூர்–கிருஷ்ணகிரி பகுதியில் குட்டி வாங்குவது மதுரையிலோ தஞ்சாவூரிலோ வாங்குவது போல அல்ல. இங்கே சிப்காட், அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் நிறைய. பலர் வெளியூரிலிருந்து வந்து வாடகை வீட்டில் இருப்பவர்கள். அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஆள் பழக்கம் குறைவு. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. நடுவில் ஒரு மாநில எல்லை. விற்கிறவருக்கு இதைவிடத் தோதான இடம் வேறு எது?

தமிழில் குட்டி, கன்னடத்தில் மரி, தெலுங்கில் பில்ல. மூன்று மொழியிலும் பேசத் தெரிந்த ஒரு தரகர் நடுவில் இருப்பார். குட்டி பிறந்த இடம் எங்கோ ஒரு கொட்டகை. அங்கிருந்து ஒருவர் மொத்தமாக வாங்குவார், இன்னொருவர் படம் எடுத்துப் போடுவார், மூன்றாமவர் ஸ்கூட்டரில் கொண்டு வருவார். மூன்று கை மாறும் அந்தக் குட்டி மூன்று இடத்தின் கிருமிகளையும் சந்தித்துவிடும். போனில் பேசுகிறவர் தன்னை 'பிரீடர்' என்றே சொல்லிக்கொள்வார். அவருடைய வீட்டு முகவரி மட்டும் கடைசிவரை வராது.

இவரை அடையாளம் காண ஒரு சின்னக் கணக்கு போதும். பெண்நாய்க்குக் கர்ப்பகாலம் சுமார் 63 நாள். சிறு இனங்கள் ஒரு பிரசவத்தில் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து குட்டி போடும். சட்டப்படி ஒரு தாயை வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஈன வைக்கக் கூடாது. ஆக, வீட்டில் இரண்டு பெண்நாய் வைத்து ஒழுங்காக வளர்ப்பவரிடம் வருடம் முழுக்கச் சேர்த்தாலும் எட்டுப் பத்துக் குட்டிக்கு மேல் இருக்காது. அவரிடம் போன் செய்தால் "இப்ப இல்லைங்க, ஆடி கழிச்சு வரும், பேர் எழுதி வெச்சுக்கறேன்" என்பார். "பக், ஷிட்சு, பீகிள், பாம், எது வேணும் சொல்லுங்க சார், எல்லாம் ரெடியா இருக்கு" என்று ஒருவர் சொன்னால், அத்தனை தாய்களும் எங்கே இருக்கின்றன, எப்படி இருக்கின்றன என்று யோசியுங்கள். காத்திருக்கச் சொல்கிறவரை விட்டுவிட்டு, கையில் வைத்திருப்பவரிடம் போகிறோம். ஏமாற்றுவதற்கு அவர் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நம் அவசரமே அவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது.

நல்லவரை எங்கே தேடுவது? முதலில் உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். யாருடைய குட்டிகள் ஊசிக்கு மட்டும் வருகின்றன, யாருடைய குட்டிகள் சலைனுக்கு வருகின்றன என்பது அவருக்குத் தெரியும். பெயரைச் சொல்லித் திட்ட மாட்டார். ஆனால் ஒரு பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறுவதைப் பார்த்தாலே போதும். அடுத்தது, தெருவில் அந்த இன நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள். நாய் வளர்ப்பவர்களைப் போல ஆசையாகப் பேசுகிறவர்கள் உலகத்தில் கிடையாது. மூன்றாவது, சென்னையிலும் பெங்களூருவிலும் கென்னல் கிளப்புகள் நடத்தும் நாய்க் கண்காட்சிகள். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே இனத்தைப் பத்து வருடமாக வளர்ப்பவர்களை ஒரே இடத்தில் பார்க்க முடியும். கண்காட்சியில் குட்டி வாங்காதீர்கள். முகவரி வாங்கி வாருங்கள்.

தாயைப் பார்ப்பது எப்படி

வீட்டுக்குப் போகும்போது நேரம் சொல்லிவிட்டுப் போங்கள், அது மரியாதை. ஆனால் வரவேற்பறையில் உட்கார வைத்து, குளிப்பாட்டிப் பவுடர் போட்ட குட்டியை மட்டும் தட்டில் வைத்தது போலக் கொண்டுவந்தால் எழுந்து நின்று கேளுங்கள்: "தாய் எங்கங்க இருக்கு? அங்கயே போய்ப் பாக்கறோம்."

"தாய் மாமியார் வீட்ல இருக்கு." "தாய் கடிக்கும்." "தாய்க்கு ஆபரேஷன் ஆச்சு, ஆஸ்பத்திரில இருக்கு." இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். புதிதாகக் குட்டி போட்ட தாய் அந்நியரைப் பார்த்து உறுமுவது இயல்புதான். ஆனால் எட்டு வாரக் குட்டிகளின் தாய் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது வாலாட்டும், அல்லது விலகிப் போய்ப் படுத்துக்கொள்ளும். கண்மூடித்தனமாகப் பயந்து நடுங்குகிற தாயின் குணம் குட்டிக்கும் வரும். பாதி ரத்தத்தில், பாதி பார்த்துப் பழகியதில்.

வேறு ஒரு நாயைக் காட்டித் தாய் என்று சொல்வதும் உண்டு. அதற்குச் சுலபமான சோதனை இருக்கிறது. குட்டிகளை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். பெற்ற தாயாக இருந்தால் குட்டிகள் நேராக வயிற்றுக்கடியில் ஓடும். அது சலித்துக்கொண்டு நகரும். காம்புகள் தளர்ந்து தொங்கும். பால் கொடுத்த தாய்க்கு முடி கொட்டி உடம்பு கொஞ்சம் இளைத்திருக்கும். ஷிட்சு, பொமரேனியன் போன்ற முடிக்காரிகள் அந்தச் சமயத்தில் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருப்பார்கள். அதைக் குறையாக நினைக்காதீர்கள். பளபளவென்று கண்காட்சிக்குத் தயாரான நாயைத் தாய் என்று காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தகப்பன் அங்கே இல்லாவிட்டால் பரவாயில்லை. நல்ல வளர்ப்பாளர்கள் பலர் வெளியிலிருந்துதான் ஆண்நாயைத் தேடி இணை சேர்ப்பார்கள். யாருடைய நாய், எந்த ஊர், படம் இருக்கிறதா என்று கேட்டால் உடனே பதில் வர வேண்டும்.

தாய் படுக்கும் இடத்தைப் பாருங்கள். மூத்திர நெடி கண்ணை எரிக்கிறதா? தண்ணீர்க் கிண்ணம் பாசி பிடித்திருக்கிறதா? கம்பிவலைக் கூண்டுக்கு மேல் கூண்டு அடுக்கியிருக்கிறதா? குட்டிகள் மிக்ஸி சத்தம், பிரஷர் குக்கர் விசில், பிள்ளைகள் கூச்சல் கேட்டு வளர்ந்திருக்கின்றனவா, அல்லது மொட்டைமாடிக் கொட்டகையில் மனித முகமே பார்க்காமல் வளர்ந்திருக்கின்றனவா? சமையலறை மூலையில் வளர்ந்த குட்டி உங்கள் வீட்டுக்கு வந்ததும் இரண்டே நாளில் பழகிவிடும். கொட்டகைக் குட்டி மாதக்கணக்கில் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும்.

பிறகுதான் குட்டி. கையில் எடுத்துப் பாருங்கள். ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்திருக்கிறது. உடம்பு ஒல்லியாக, வயிறு மட்டும் பானை போல இருந்தாலும் புழுதான். மலத்துவாரத்தைச் சுற்றி ஒட்டிக் காய்ந்திருந்தால் பேதி. தொப்புளில் புடைப்பு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். காதை மோந்து பாருங்கள், நாற்றம் கூடாது. முதுகுக்குப் பின்னால் கைதட்டுங்கள், திரும்ப வேண்டும். தரையில் நடக்க விட்டு, பின்னங்காலை அவ்வப்போது தூக்கித் தூக்கித் தத்துகிறதா என்று கவனியுங்கள். சிறு இனங்களுக்கு முழங்கால் சில்லு நழுவும் கோளாறு அதிகம். தாய்க்கு அது இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் இது வம்சத்தில் வருவது.

மூலையில் பேசாமல் படுத்திருக்கும் குட்டியைப் பார்த்து "ஐயோ பாவம், சாதுவா இருக்கு" என்று எடுத்துவிடாதீர்கள். எட்டு வாரக் குட்டி சாதுவாக இருந்தால் அது நோயாளி.

எட்டு வாரம் என்றால் எட்டு வாரம்

நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் மத்திய அரசு 2017 மே மாதம் விதிகள் கொண்டுவந்தது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. அதன்படி நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தாய்க்குப் பதினெட்டு மாதம் நிறையாமல் இணை சேர்க்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து பிரசவத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. விற்கும் குட்டிக்கு மைக்ரோசிப் பொருத்தி, தடுப்பூசி போட்டு, ரசீதோடு கொடுக்க வேண்டும். ஜூஜூவாடி எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே விதிதான். பதிவு மட்டும் தமிழ்நாட்டுக்காரருக்குத் தமிழ்நாடு வாரியத்தில், கர்நாடகக்காரருக்கு அங்குள்ள வாரியத்தில். கடைகளுக்கு 2018-ல் தனி விதிகள் வந்தன. "எங்க ஸ்டேட்ல அதெல்லாம் இல்ல சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடுங்கள்.

பதிவு எண் கேளுங்கள். நடைமுறையில், வீட்டில் ஒரே ஒரு பெண்நாய் வைத்து வளர்க்கும் பல நல்ல குடும்பங்கள் பதிவு செய்யாமலே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சட்டப்படி அது தவறு. ஆனால் பதிவுச் சான்றைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு பின்கட்டில் அழுக்குக் கூண்டு வைத்திருப்பவரையும் பார்த்திருக்கிறேன். சான்று இருந்தாலும் தாயைப் பாருங்கள் என்பதுதான் இதிலிருந்து நான் கற்றது.

எட்டு வாரக் கணக்கைத்தான் எல்லோரும் மீறுகிறார்கள். முப்பத்தைந்து, நாற்பது நாளில் விற்பது நம் ஊரில் வழக்கமாகவே ஆகிவிட்டது. விற்கிறவருக்கு லாபம்: குட்டி பொம்மை மாதிரி இருக்கும்போதே விலை போகும், ஊசிச் செலவும் தீவனச் செலவும் மிச்சம். வாங்குகிறவர்களும் "சின்னதுலேயே எடுத்தாத்தான் ஒட்டிக்கும்" என்று நம்புகிறார்கள். உண்மை நேர்மாறு. ஐந்திலிருந்து எட்டாம் வாரம் வரை கூடப்பிறந்தவர்களோடு சண்டை போட்டுத்தான் குட்டி எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தைத் தவறவிட்ட குட்டி உங்கள் பிள்ளைகளின் விரலில் அதைப் படிக்கும். போதாக்குறைக்கு, தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி குறையும் நேரமும் அதுதான். ஊரெல்லாம் சுற்றும் பார்வோவுக்கு அந்த இடைவெளி போதும்.

வயதைச் சரிபார்க்க வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரத்தில் பால்பற்கள் 28-ம் ஏறக்குறைய முளைத்திருக்கும். மிகச் சிறிய இனங்களில் சில நாள் தாமதமாகலாம். முன்பற்களே இப்போதுதான் முளைக்கின்றன என்றால் 'ரெண்டு மாசம்' என்பது பொய்.

ஊசி அட்டை விஷயத்தில் ஏமாறுவது இன்னும் சுலபம். தேதி மட்டும் எழுதிய அட்டைக்கு மதிப்பு இல்லை. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், அதில் தொகுதி எண், பக்கத்தில் கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் வரை. மூன்று மாதம் நிறைந்ததும் ரேபிஸ் ஊசி. இதுதான் வழக்கமான வரிசை. ஒன்றரை மாதக் குட்டிக்கு 'எல்லா ஊசியும் முடிஞ்சுது' என்று யாரும் சொல்ல முடியாது.

எந்த இனம், எந்த ஊருக்கு

சிறு நாய் என்று கேட்டால் நம் பகுதியில் நான்கைந்து பெயர்தான் அடிபடும்.

நம் பெற்றோர் காலத்தில் பாதி வீடுகளில் இருந்த வெள்ளைப் 'பொமரேனியன்' உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். நல்ல நாய், நம் வெயிலுக்குப் பழகியது, வீட்டுக்கு மணி கட்டின மாதிரி குரைக்கும். அதை ஸ்பிட்ஸ் என்று சொல்லி ஸ்பிட்ஸ் விலைக்கு விற்றால் கைகூப்பி வாங்கலாம். சிக்கல் என்னவென்றால் அதையே 'டாய் பாம்' என்று சொல்லிப் பல மடங்கு விலைக்குத் தள்ளுகிறார்கள். உண்மையான பொமரேனியன் வளர்ந்தும் மூன்று கிலோ சுமாருக்குத்தான் நிற்கும். நாற்பது நாளில் இரண்டுமே ஒரே பஞ்சு உருண்டை. எந்த நிபுணராலும் சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது. தாயைத் தராசில் ஏற்றினால் சொல்லிவிடலாம். மறுபடியும் தாய்தான்.

பக் நாயை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தது 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரம். ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடிய அந்தச் சப்பை மூக்கு நாயைப் பார்த்து நாடே ஆசைப்பட்டது. 'பஞ்ச் ஃபேஸ்' என்று மூக்கு எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு விலை ஏறியது. மூக்கு உள்ளே போகப் போக மூச்சும் உள்ளே போகச் சிரமப்படும். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பது கிடையாது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூச்சே சரியில்லாத நாய் வெயிலில் என்ன செய்யும்? பக் குட்டியின் மூக்குத்துளை திறந்த வட்டமாக இருக்கிறதா, கீறல் போல ஒடுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தாயை ஐந்து நிமிடம் முற்றத்தில் ஓட விடச் சொல்லுங்கள். குறட்டை விட்டுக்கொண்டு நாக்கு நீலம் பாய்ந்தால் அந்த வம்சம் வேண்டாம். எத்தனை முறை வயிற்றைக் கீறிக் குட்டி எடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று சில வெளிநாட்டு இனங்களின் இனப்பெருக்கத்துக்குத் தடை சொன்னது. அந்தப் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டோடு பக்கும் இருந்தது. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு எப்படி முடிந்தாலும், பக் வாங்குமுன் அன்றைய நிலையைக் கால்நடைத் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதில் பாதிதான். சூளகிரி தாண்டிச் சாலை இறங்கும்போது காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போடுகிறோமே, அந்த வித்தியாசம் நாய்க்கும் உண்டு. மத்திகிரியில் மின்விசிறியோடு சமாளிக்கும் ஷிட்சு, பர்கூரில் ஏப்ரல் மாதம் தகர ஷீட் வீட்டில் செத்துப்போகும். பர்கூர்க்காரர் ஓசூர்க்காரரைப் பார்த்து வாங்கக் கூடாது.

டாக்ஸ்ஹண்ட் வேண்டும் என்பவர்கள் வீட்டில் மாடிப்படி எவ்வளவு என்று எண்ணிவிட்டு வாருங்கள். அதன் நீண்ட முதுகெலும்புக்குப் படியும் சோபாவும் எதிரி. பீகிள் சின்னதாக இருந்தாலும் வேட்டை நாய், அதை ஒற்றை அறை வீட்டில் அடைக்காதீர்கள். 'டீகப்' என்று ஓர் இனம் உலகத்தில் எந்தக் கென்னல் கிளப்பிலும் கிடையாது. நோஞ்சான் குட்டிகளையும், வயது குறைந்த குட்டிகளையும், நோஞ்சானோடு நோஞ்சானைச் சேர்த்துப் பெற்றவற்றையும்தான் அந்தப் பெயரில் விற்கிறார்கள்.

பேப்பர்

'பேப்பரோட இவ்ளோ, பேப்பர் இல்லாம இவ்ளோ' என்று இரண்டு விலை சொல்வார்கள். பேப்பர் என்பது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா கொடுக்கும் பதிவுச் சான்று. தலைமையகம் சென்னையில். அதில் குட்டியின் பெயர், மைக்ரோசிப் எண், தாய், தகப்பன், முன்னோர் பெயர்கள் இருக்கும். பதிவுக்கு ஆகும் கட்டணம் குட்டி விலையோடு பார்த்தால் சின்னத் தொகை. அப்படியிருக்க, அந்த ஒரு தாளுக்கு ஆயிரக்கணக்கில் ஏன் வித்தியாசம்? தாய்க்கும் தகப்பனுக்கும் பதிவு இருந்தால் குட்டிகளைப் பதிவதில் என்ன தயக்கம் என்று கேட்டுப் பாருங்கள்.

"பேப்பர் மூணு மாசத்துல கூரியர்ல வரும்" என்றால், தாயின் சான்றையாவது அசலாகக் காட்டச் சொல்லி, விண்ணப்பத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். சிப் பதினைந்து இலக்க எண். மருத்துவரிடம் ரீடர் இருந்தால் குட்டியின் கழுத்தருகே வைத்துப் பார்த்தால் எண் தெரியும். தாளில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னோர் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு மூன்று இடத்தில் வந்தால், சொந்தத்துக்குள்ளேயே சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்தத் தாள் வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. கண்காட்சிக்குப் போகாத, குட்டி எடுக்கப்போகாத குடும்பத்துக்குத் தாள் இரண்டாம்பட்சம்தான் என்பது என் கருத்து. நல்ல தாய், தாளில்லாத குட்டி என்றால் யோசிக்கலாம். நல்ல தாள், காணாத தாய் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

உங்களையும் சோதிப்பவர்

பார்வோவில் குட்டியை இழந்த மறுவருடம், மருத்துவர் சொல்லி மத்திகிரிப் பக்கம் ஓர் அம்மாவைப் பார்க்கப் போனேன். மூன்று ஷிட்சு வைத்திருந்தார். காபி கொடுத்தார். பிறகு கேள்வி ஆரம்பித்தது.

"எங்கப்பா வேலை?"

"சிப்காட்லம்மா."

"ஷிஃப்டா?"

"ஆமாம்மா. வீட்டுக்காரம்மாவும் வேலைக்குப் போறாங்க."

"அப்ப பகல்ல குட்டிய யாரு பாத்துப்பா? இதுக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பாடு குடுக்கணும். ஒரு வேளை தவறினா சர்க்கரை இறங்கிச் சுருண்டுக்கும். வீடு சொந்தமா, வாடகையா? ஓனர்கிட்டக் கேட்டியா?"

கேட்கவில்லை. "கேட்டுட்டு வாப்பா" என்று சொல்லிவிட்டார். குட்டி இருந்தது, கையில் பணம் இருந்தது, ஆனாலும் தரவில்லை. வண்டியைக் கிளப்பும்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆறு மாதம் கழித்து என் மாமியார் எங்களோடு வந்து தங்கிய பிறகு மறுபடி போனேன். அடுத்த பிரசவத்துக் குட்டியைக் கொடுத்தார். என்ன தீவனம், எத்தனை மணிக்கு, அடுத்த புழு மருந்து எப்போது என்று ஒரு நோட்டுத்தாளில் எழுதியும் கொடுத்தார். "வளக்க முடியலன்னா தெருவுல விட்டுடாத, எங்கிட்டயே கொண்டாந்து விடு" என்றார். இன்றும் வருடத்துக்கு ஒரு முறை போன் செய்து விசாரிப்பார். விற்ற குட்டியை வருடம் ஒரு முறையாவது விசாரிக்க வேண்டும் என்று 2017 விதியிலேயே இருக்கிறது. அந்த அம்மா அதைப் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் "கேஷா, ஜிபேவா?" என்று மட்டும் கேட்பவருக்குக் குட்டி சரக்கு.

குட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவர்களுக்கு ஒரு யோசனை. பிரசவம் நிறுத்தி ஓய்வு கொடுத்த பெண்நாய்களை இப்படிப்பட்டவர்கள் நல்ல வீட்டுக்குக் கொடுப்பதுண்டு. வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, பழகின அந்த நாய் குட்டியைவிடப் பொருத்தம்.

பணமும் ரசீதும்

விலையை நான் இங்கே எழுதவில்லை. அச்சாகி வருவதற்குள் மாறிவிடும். ஆனால் நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். "வேற பார்ட்டி வெயிட்டிங்" என்றால் அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும். படத்திலுள்ள குட்டி உண்மையிலேயே அவரிடம் இருக்கிறதா என்று பார்க்க வீடியோ அழைப்பில் வரச் சொல்லி, தாயையும் குட்டியையும் ஒரே சட்டகத்தில் காட்டச் சொல்லுங்கள். அதுவும் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய மட்டும்தான்.

ரசீதில் விற்பவர் பெயர், முகவரி, பதிவு எண், குட்டியின் இனம், பிறந்த தேதி, பால், நிறம், சிப் எண், கொடுத்த தொகை எல்லாம் இருக்கட்டும். இத்தனை நாளுக்குள் மருத்துவர் நோய் என்று எழுதிக் கொடுத்தால் பணமோ சிகிச்சைச் செலவோ தரப்படும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒழுங்கானவர் மறுக்க மாட்டார். பணத்தைக் கணக்கு வழியாக அனுப்புங்கள், தடயம் இருக்கும்.

விற்றவர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தால் வழக்குக்குப் பெங்களூரு அலைய வேண்டுமே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஓசூர்க்காரருக்குக் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் எதிராளிக்கு ஒரு முகவரி வேண்டும். டோல்கேட்டுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது.

குட்டியை வாங்க காலையில் போங்கள், அன்று பகல் முழுக்க அது உங்களைப் பார்த்துப் பழகட்டும். தாயின் மேல் தேய்த்த ஒரு துணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரவு அழுகை பாதியாகக் குறையும். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். ஊசி வரிசை முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம். பார்வோவில் ஒரு குட்டி செத்த வீடாக இருந்தால் பிளீச்சிங் கரைசலால் தரையைத் துடைக்காமல் அடுத்த குட்டியைக் கொண்டுவராதீர்கள். அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சோப்புக்கெல்லாம் சாகாது.

மறுநாளே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி அட்டை, ரசீது, தாயின் படம் மூன்றையும் எடுத்துப் போங்கள். எங்கே பிறந்த குட்டி என்று அவர் கேட்பார்.